பப்பாளி, பருத்தியில் மாவுப்பூச்சி

புதியம்புத்தூர், ஓட்டப்பிடாரம் வட்டாரக் கரிசல் காடுகளில் பருத்தி பெரும்பாலும் மானாவாரிப் பயிர். மழையை நம்பிய பயிருக்கு அடிக்கடி மருந்தடித்தால் கட்டுபடியாகாது. ஆகவே வீட்டோரப் பப்பாளி, பூவரசு, செம்பருத்தி இவற்றின் கொழுந்திலும் இலையடியிலும் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாகத் தென்பட்டால் உடனே கவனிக்க வேண்டும். அங்கே பெருகும் பூச்சி பருத்திக்கும் வந்து சேரும். இதை அசுவினி என்று நினைப்பவர்கள் உண்டு. அசுவினிக்கு உறவுதான், ஆனால் இது மாவுப்பூச்சி.

பப்பாளி மாவுப்பூச்சியின் பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். தமிழ்நாட்டில் 2008-ல் கோவையில் காணப்பட்டு, மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று பரவிப் பெருஞ்சேதம் விளைவித்தது. பெண் பூச்சி பஞ்சுப் பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். உடல்மேல் மெழுகு இருப்பதால் மருந்து உள்ளே படாது. 2010-ல் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சிகள் பணியகம் போர்ட்டோ ரீகோவிலிருந்து அசெரோபேகஸ் என்னும் சிறு குளவியைத் தருவித்தது. அது மாவுப்பூச்சிக் குஞ்சின் உடலுக்குள் முட்டையிட்டுக் கொல்லும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி வழங்கிய பிறகே சேதம் தணிந்தது. 2002-ல் மராட்டியத்திலும் கர்நாடகத்திலும் கரும்பைப் பிடித்த கம்பளி அசுவினியை அடக்கியதிலும், அதன் கூட்டத்துக்குள் புகுந்து தின்ற டிஃபா புழுவுக்குப் பெரும்பங்கு உண்டு.

நன்மை செய்யும் பூச்சியைக் கொன்றுவிடுவதுதான் பெரிய தவறு. கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டின் புழுவும் வெள்ளைப் பஞ்சு போர்த்தியிருக்கும், பார்வைக்கு மாவுப்பூச்சியேதான். ஈர்க்குச்சியால் தொட்டுப் பார்க்கலாம். மாவுப்பூச்சி கும்பலாக ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். புழு அதைவிடப் பெரிது, பஞ்சு இழைகள் நீண்டு தொங்கும், தொட்டதும் வேகமாக ஊரும். பழுப்பு நிறத்தில் ஊதிக் காய்ந்த மாவுப்பூச்சிகள் கண்டால் குளவி வேலை செய்கிறது என்று பொருள். அத்தகைய மரத்தில் விஷ மருந்து தெளிக்கக் கூடாது.

இவை ஒன்றும் இல்லையென்றால், தாக்கிய கொழுந்துகளை வெட்டி எரித்துவிட வேண்டும். மிஞ்சியவற்றுக்கு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மீன் எண்ணெய் ரோசின் சோப்பு கரைத்தோ, 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறோ, இலையடி நனையத் தெளிக்கலாம். தேன்போல் கசியும் கழிவுக்காக எறும்புகள் இப்பூச்சியைக் காத்து, குஞ்சுகளைச் செடிக்குச் செடி சுமக்கும். அடிமரத்து எறும்புப் புற்றைக் கலைத்துவிட வேண்டும். வரப்பிலுள்ள துத்தி, பார்த்தீனியம் செடிகளிலும் பூச்சி தங்கும், அவற்றைப் பிடுங்கலாம். வெட்டிய பருத்திமாரை அடுப்புக்கென்று காட்டோரம் மாதக்கணக்கில் அடுக்கி வைப்பது வேண்டாம்.