சிந்தாமணி காட்டும் இரு தாயர்

துன்பத்திலும் குலையாத குடும்பங்களைப் பற்றிய நாவல்களை நாம் விரும்பிப் படிக்கிறோம். தமிழின் முதல் நாவல் 1879இல் வெளிவந்தது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அத்தகைய கதையொன்றைத் திருத்தக்கதேவர் சீவக சிந்தாமணியாகப் பாடினார். உ.வே. சாமிநாதையர் அதனை 1887இல் பதிப்பித்தார்.

அமைச்சன் கட்டியங்காரனின் வஞ்சத்தால் மன்னன் சச்சந்தன் மாண்டான். கருவுற்றிருந்த விசயை மயிற்பொறியேறித் தப்பிச் சுடுகாட்டில் மகனை ஈன்றாள். இறந்த தன் குழவியுடன் அங்கு வந்த வணிகன் கந்துக்கடன் அம்மகனை எடுத்துச் சென்றான். அவன் மனைவி சுநந்தை வளர்த்தாள். விசயை தண்டகாரணியத்துத் தவப்பள்ளியில் காத்திருந்தாள். தன் பிறப்பறிந்து வெகுண்ட சீவகனிடம், ஓராண்டு பொறுக்குமாறு ஆசான் அச்சணந்தி உறுதி பெற்றார்.

நம் சின்ன காஞ்சிபுரத்துத் தறியில் கோர்வைச் சேலைக்கு இருவர் கை வேண்டும். இல்லையேல் கரை உடலோடு சேராது. சீவகன் வாழ்வும் அத்தகையதே. ஒருத்தி பிரிவைப் பொறுத்தாள். மற்றொருத்தி பெறாத பிள்ளையைப் பேணினாள்.

அரசு மீண்டபின் விசயை செய்ததே நாம் கருதற்பாலது. தான் தவித்த சுடுகாட்டிலேயே அறக்கோட்டம் அமைத்துக் குழந்தைகளைப் பாலூட்டி வளர்க்கச் செய்தாள். பின்னர்த் துறவு பூண்டாள். நற்காட்சி நல்லொழுக்கமாகக் கனிதல் இதுவே.

நாமகள் இலம்பகத்தையும் முத்தி இலம்பகத்தையும் இல்லந்தோறும் பிள்ளைகளுடன் படிப்போம். நாம் பட்ட துன்பம் எவர்க்கேனும் உதவியாக மாறியதா என நம்மையே வினவுவோம்.