ஆபரேஷன் ஒரு நாள், மாத்திரை ஆயுசுக்கும்



சென்ற கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, "ஏனுங்க, எடை குறைக்கிற ஆபரேஷனுக்குக் குழுவில கடன் தருவீங்களா?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். இது சிரிக்கிற விஷயம் இல்லை. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 40 பேர் அதிக எடை உள்ளவர்கள். அதே கணக்கெடுப்பில் 100க்கு 53 பேருக்கு ரத்த சோகை. உடம்பு பெருத்திருந்தால் சத்தும் நிறைய இருக்கும் என்று நினைக்கிறோம். அது தவறு. ஒரே உடம்பில் எடை கூடுதலாகவும் ரத்தம் குறைவாகவும் இருக்கலாம்.

கடன் கேள்விக்குப் பதில் சொல்லும் முன், ஆபரேஷனுக்குப் பிறகு என்ன ஆகிறது என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

நம் அக்கா ஒருவரின் அனுபவம்

நம் கூட்டமைப்பில் ஓர் அக்கா இந்த ஆபரேஷன் செய்துகொண்டார். பெயர் போட வேண்டாம், விஷயத்தை மட்டும் எல்லோருக்கும் சொல்லுங்கள் என்றார். ஒரு வருஷத்தில் எடை நன்றாகக் குறைந்தது. சர்க்கரையும் கட்டுக்குள் வந்தது. "அடையாளமே தெரியலீங்க்கா" என்று நாம் எல்லோரும் பாராட்டினோம்.

டாக்டர் எழுதிக் கொடுத்த சத்து மாத்திரைகளை முதல் வருஷம் ஒழுங்காகப் போட்டார். பிறகு, "உடம்புதான் நல்லாயிடுச்சே, எதுக்கு வீண் செலவு" என்று நிறுத்திவிட்டார். மகனின் கல்லூரிக் கட்டணமும் அப்போதுதான் வந்தது. இரண்டு வருஷம் கழித்துப் பாதம் மரத்துப் போனது. காலில் இருந்த செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் மாட்டுக் கொட்டகை வரை நடந்திருக்கிறார். சர்க்கரையால்தான் இப்படி என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டார். சோர்வுக்கு இரும்புச் சத்து மாத்திரை மட்டும் போட்டார். கடைசியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது வைட்டமின் பி12 மிகவும் குறைந்திருந்தது. ஊசி போட்டபின் சோர்வு போனது. பாத மதமதப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

அந்த அக்காவை வாரா வாரம் கூட்டத்தில் பார்த்தோம். சேமிப்பு கட்டியாச்சா, தவணை கட்டியாச்சா என்று கேட்டோம். மாத்திரை போட்டீங்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. இதை நம் குறையாகவே எழுதுகிறோம்.

இந்த ஆபரேஷன் என்ன செய்கிறது?

வயிற்றில் சிறு துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி சிகிச்சைக்குக் கோவை பெயர் பெற்ற ஊர். டாக்டர் சி. பழனிவேலுவின் ஜெம் மருத்துவமனை உட்பட நகரின் பல மருத்துவமனைகளில் எடைக் குறைப்பு ஆபரேஷன் நடக்கிறது. இது அழகுக்காகச் செய்வது அல்ல. எடையோடு சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, தூக்கத்தில் மூச்சுத் திணறல் போன்றவை சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகும்போது டாக்டர்கள் யோசிப்பது. 2009ல் நம் நாட்டு வல்லுநர்கள் வகுத்த அளவின்படி, 150 செ.மீ. உயரமுள்ள பெண் சுமார் 84 கிலோவுக்கு மேல் இருந்தாலோ, சர்க்கரை போன்ற நோயோடு 73 கிலோவுக்கு மேல் இருந்தாலோ இதைப் பற்றி யோசிக்கலாம். 2022ல் வந்த உலகப் பரிந்துரை இந்த அளவை இன்னும் குறைத்திருக்கிறது. யாருக்குத் தேவை என்பதை டாக்டர் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.

முக்கியமாக இரண்டு வகை உண்டு.

1. ஸ்லீவ்: இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியைக் குழாய் மாதிரி ஆக்குவார்கள்.

2. பைபாஸ்: இரைப்பையின் மேல்பகுதியில் சிறு பை மட்டும் விட்டு, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைப்பார்கள். சாப்பாடு சிறுகுடலின் முன்பகுதியைத் தொடாமல் போகும்.

வாய்க்கால் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். மேட்டு வயலுக்குப் போகும் மடையை அடைத்துவிட்டால், வாய்க்காலில் தண்ணீர் ஓடினாலும் அந்த வயல் காயத்தான் செய்யும். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் அதிகமாக உறிஞ்சப்படுவது சிறுகுடலின் முன்பகுதியில். பி12 உடம்பில் சேர வேண்டுமானால் இரைப்பையில் சுரக்கும் அமிலமும் ஒரு புரதமும் வேண்டும். இரண்டு ஆபரேஷனிலும் இந்த வழிகள் குறைகின்றன. சாப்பிடும் அளவும் கொஞ்சம்தான். அதனால்தான் மாத்திரை ஆயுசுக்கும் வேண்டும்.

எந்தச் சத்து குறைந்தால் என்ன தெரியும்?

பி12: கை கால் மரத்துப் போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, நடையில் தடுமாற்றம், மறதி, நாக்குப் புண். ஈரலில் சேமிப்பு இருப்பதால் இந்தக் குறை உடனே தெரியாது. வருஷங்கள் கழித்துத்தான் தலைகாட்டும். நாள்பட விட்டால் நரம்புப் பாதிப்பு முழுதாகத் திரும்பாமல் போகலாம். சர்க்கரைக்குப் போடும் மெட்பார்மின் மாத்திரையும், நெஞ்செரிச்சலுக்குப் போடும் ஒமிப்ரசோல் மாத்திரையும் நாள்பட்டால் பி12ஐக் குறைக்கும்.

இரும்பு: மூச்சு வாங்குதல், வெளிறிய கண் இமை, முடி கொட்டுதல், படபடப்பு. மாதவிலக்கு உள்ள பெண்களுக்கு இது சீக்கிரம் வரும்.

சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் டி: எலும்பு வலி, தசைப் பிடிப்பு, லேசாக விழுந்தாலே எலும்பு முறிவு.

பி1: இதுதான் அவசரம். உடம்பில் இதன் சேமிப்பு சில வாரங்களுக்குத்தான் இருக்கும். ஆபரேஷன் ஆன முதல் மாதங்களில் தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்கு இது தீர்ந்துவிடும். பார்வை இரண்டாகத் தெரிவது, தள்ளாட்டம், குழப்பமான பேச்சு வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வாந்தி என்றால் பக்கத்து ஊர் டாக்டரிடம் போய், "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்பது நம் பழக்கம். பி1 தீர்ந்த உடம்பில் அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கலாம். எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாக, "எனக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்குங்க, வைட்டமின் பி1 போடணுங்களா?" என்று கேளுங்கள்.

ரத்த சோகை மாத்திரை மட்டும் போதுமா?

போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரையில் இரும்பும் போலிக் அமிலமும் இருக்கின்றன. பி12 இல்லை. போலிக் அமிலம் ரத்தத்தைச் சரி செய்து காட்டும். உள்ளே பி12 குறைவால் நரம்பு கெட்டுக்கொண்டே இருக்கும். நம் அக்காவுக்கு நடந்தது இந்த மாதிரிதான். மாத்திரை நல்லதுதான், ஆனால் பி12ஐயும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தினமும் எவ்வளவு?

பொதுவாகச் சொல்லும் அளவுகள் இவை. உங்களுக்கு உரியதை உங்கள் டாக்டர்தான் எழுத வேண்டும்.

• எல்லா வைட்டமின்களும் அடங்கிய மாத்திரை, தினமும்.
• பி12: தினம் 350 முதல் 1000 மைக்ரோகிராம் மாத்திரை, அல்லது மாதம் ஒருமுறை 1000 மைக்ரோகிராம் ஊசி.
• இரும்பு: மாதவிலக்கு உள்ள பெண்களுக்குத் தினம் 45 முதல் 60 மில்லிகிராம்.
• சுண்ணாம்புச் சத்து: உணவும் மாத்திரையும் சேர்த்துத் தினம் 1200 முதல் 1500 மில்லிகிராம். ஒரே வேளையில் போடாமல் பிரித்துப் போட வேண்டும். கால்சியம் சிட்ரேட் வகை என்றால் அமிலம் குறைந்த வயிற்றிலும் சேரும்.
• வைட்டமின் டி: தினம் சுமார் 3000 யூனிட். ரத்தத்தில் உள்ள அளவைப் பார்த்து டாக்டர் மாற்றுவார்.

இரும்பையும் சுண்ணாம்புச் சத்தையும் சேர்த்துப் போடாதீர்கள். இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காபி, டீயோடு இரும்பு மாத்திரை வேண்டாம். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காயோடு போட்டால் நன்றாகச் சேரும். உடம்பு வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். பைபாஸ் ஆனவர்களுக்குக் குடலில் புண் வரும்.

ரத்தப் பரிசோதனை முதல் வருஷத்தில் 3, 6, 12ஆம் மாதங்களில். அப்புறம் வருஷம் ஒருமுறை, ஆயுசுக்கும். குழந்தை வேண்டும் என்பவர்கள் ஆபரேஷன் ஆகி 12 முதல் 18 மாதம் பொறுத்து, டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். சத்து இல்லாத உடம்பில் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

நம் அடுப்படியில்

வயிறு சிறியது. அதனால் முதல் கவளம் பருப்பாக, முட்டையாக, மீனாக, கோழியாக இருக்கட்டும். சோறு கடைசியில். தினம் 60 கிராம் புரதமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். கொள்ளு 100 கிராமில் 22 கிராம் உண்டு. கொள்ளுப் பருப்பைக் குழைய வேகவைத்துக் கடைந்து சாப்பிடலாம். ராகியில் சுண்ணாம்புச் சத்து அதிகம். கூழாகக் காய்ச்சித் தயிர் விட்டுக் குடிக்கலாம். கறி, முட்டை சாப்பிடாத வீட்டில் பி12 கிடைக்க வழி பால், தயிர், மோர்தான். கீரையிலோ பயறிலோ அது கிடையாது. இத்தனை சாப்பிட்டாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

கடன் கேள்விக்கு வருவோம்

ஆபரேஷன் செலவு ஒருமுறை. மாத்திரை, பரிசோதனைச் செலவு ஒவ்வொரு வருஷமும். ஆகவே கடன் கொடுக்கும் முன் உறுப்பினரோடு உட்கார்ந்து மூன்று கேள்விகள் கேட்போம்:

1. மாதா மாதம் மாத்திரைக்கு எவ்வளவு ஆகும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கினீர்களா?
2. தவணை போக அந்தப் பணம் மிஞ்சுமா?
3. வருஷாந்திரப் பரிசோதனைக்குக் கூட வர வீட்டில் யார்?

மூன்றுக்கும் பதில் இருந்தால் கடன் கொடுக்கலாம். மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் மாத்திரை விலை குறைவு, விசாரித்து வாங்குங்கள். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக வரும் தன்னார்வலர்களில் நம் குழுப் பெண்கள் பலர் உண்டு. அவர்களிடமும் ஆபரேஷன் விவரத்தைச் சொல்லி வையுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

• நம் குழுவில் இந்த ஆபரேஷன் ஆனவர் உண்டா? அவர் கடைசியாக ரத்தப் பரிசோதனை செய்தது எப்போது?
• கை கால் மதமதப்பு உள்ளவர் யார்? பி12 பார்த்தாயிற்றா?
• மாத்திரையை நினைவுபடுத்தப் பக்கத்து வீட்டு உறுப்பினர் யார் பொறுப்பு?

சேமிப்பு கட்டியாச்சா என்று கேட்கும் அதே உரிமையோடு, "மாத்திரை போட்டாச்சுங்களா?" என்று இனி ஒருவரையொருவர் கேட்போம்.