பழைய ஜீப்பின் றேடியேற்றர் குழாய்கள்

திருகோணமலை மாவட்டத்தின் கிராமப் பாதைகளில் இன்றும் ஓடும் 'போர் வீல்' வாகனங்களுள் பல, இருபது முப்பது வயதைக் கடந்தவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. எனவே பழைய லான்ட் றோவரையும் மிற்சுபிசி ஜீப்பையும் பேணி ஓட்டுவதைத் தவிர நமக்கு வேறு வழி இருக்கவில்லை. ஈச்சிலம்பற்றிலோ வெருகலிலோ நள்ளிரவில் பிரசவ வலி கண்ட ஒரு தாயை மூதூர் வைத்தியசாலைக்கும், தேவையானால் கிண்ணியாப் பாலம் தாண்டித் திருகோணமலைக்கும் கொண்டு செல்வது இப்படியான ஒரு ஜீப்பாக இருக்கலாம். அந்தப் பயணத்தை நடுவழியில் நிறுத்திவிட ஒரு முழ இறப்பர்க் குழாய் போதும். கராஜ்காரர் 'ஹோஸ்' என்று சொல்லும் அக்குழாயைப் பற்றியே இம்முறை படிக்கிறோம்.

றேடியேற்றருக்கு இரண்டு பெரிய குழாய்கள் உண்டு. மேற்குழாய் இஞ்சினில் சூடேறிய நீரைக் கொண்டுவருகிறது. கீழ்க்குழாய் ஆறிய நீரைப் பம்புக்குக் கொடுக்கிறது. பம்ப் உறிஞ்சும்போது கீழ்க்குழாய் ஒட்டிவிடாதிருக்கச் சில வாகனங்களில் உள்ளே சுருள்கம்பி வைத்திருப்பார்கள். இவை தவிர, உட்புறத்துக்குச் சூடு கொடுக்கும் சிறு குழாய்களும் உள்ளன. நமது ஊரில் அந்தச் சூடு யாருக்கும் வேண்டியதில்லை. ஆனாலும் அவற்றினுள்ளும் அதே நீர்தான் ஓடுகிறது. அவற்றை மறப்பவர்களே அதிகம்.

றேடியேற்றர் மூடி நீரை அமுக்கத்தில் வைத்திருக்கிறது. பல வாகனங்களில் இது சதுர அங்குலத்துக்கு 13 இறாத்தல் அளவானது. இந்த அமுக்கத்தில் நீர் 100 பாகையில் கொதிக்காது. ஏறத்தாழ 118 பாகை செல்சியஸ் வரை தாங்கும். இஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தவர்களின் முகம் வெந்துபோவது இதனால்தான்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். குழாய் பெரும்பாலும் உள்ளிருந்தே பழுதாகிறது. இஞ்சினின் உலோகமும் றேடியேற்றரின் உலோகமும் இடையிலுள்ள திரவமும் சேர்ந்து பலவீனமான ஒரு பற்றரிபோல் வேலை செய்கின்றன. அதன் தாக்கத்தால் குழாயின் உட்சுவரில், சிறப்பாக இரு முனைகளை அண்டி, நுண்ணிய வெடிப்புகள் நீளவாட்டில் தோன்றுகின்றன. வெளியே கறுப்பாய், புதிது போலவே தெரியும். ஆகவே பொனற்றைத் திறந்து பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்பதில் பயனில்லை. இஞ்சின் நன்றாக ஆறிய பின், கிளிப்பிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் குழாயை விரல்களால் அழுத்துங்கள். பின்பு நடுப்பகுதியை அழுத்துங்கள். முனை மட்டும் தளர்ந்து கொழகொழத்தாலும், உள்ளே பிளவு தட்டுப்பட்டாலும் மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டது. விறைத்து நொறுநொறுக்கும் குழாயும், எண்ணெய் பட்டு வீங்கிய குழாயும் அவ்வாறே. ஒரு குறையும் தெரியாவிட்டாலும் நான்கைந்து ஆண்டுக்கு மேல் நம்பவேண்டாம்.

நமது கரையோரத்துக்கு வேறு தொல்லைகளும் உண்டு. உப்புக்காற்று கிளிப்புகளைத் தின்றுவிடும்; துருப்பிடிக்காத கிளிப்புகளுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது நட்டமல்ல. கடலோரக் கிணற்று நீரை றேடியேற்றருக்கு ஊற்றினால் அதன் உப்பு உலோகத்தை அரிக்கும், சுண்ணாம்பு படியும். கூலன்ட்டுடன் கலக்கப் பற்றரிக்கு விடும் வடித்த நீரே நல்லது. இன்னொன்று: இஞ்சினைத் தாங்கும் இறப்பர்த் தாங்கிகள் தேய்ந்திருந்தால், குன்றும் குழியுமான பாதையில் இஞ்சின் ஆடும், றேடியேற்றர் ஆடாது. அந்த இழுபறி முழுவதும் குழாய்க்கே. அடிக்கடி ஒரே குழாய் போனால் தாங்கியைப் பாருங்கள்.

மாற்றும்போது பழைய கூலன்ட்டை மூடியுள்ள கலனில் வடித்தெடுங்கள். அது இனிப்பாயிருக்கும், ஆனால் நஞ்சு. நாயும் ஆடும் நக்கினால் இறக்கும், பிள்ளைகளுக்கும் அதே ஆபத்து. ஒட்டிப்போன குழாயைத் திருப்புளியால் நெம்பினால் றேடியேற்றரின் மெல்லிய கழுத்து நெளியும் அல்லது உடையும். குழாயைக் கத்தியால் நீளவாட்டில் கீறி உரித்தெடுங்கள். கழுத்திலுள்ள படிவைச் சுரண்டித் துடைத்து, சவர்க்கார நீர் தடவிப் புதியதை ஏற்றுங்கள், கிறீஸ் வேண்டாம். கிளிப் கழுத்தின் விளிம்புப் புடைப்புக்குப் பின்னால் இருக்கவேண்டும். அளவுக்கு மீறி முறுக்கினால் இறப்பர் வெட்டுண்ணும். பின்பு மூடியில்லாமல் இஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, காற்று வெளியேற வெளியேற நீர் விடுங்கள். மேற்குழாய் சூடாவது தேர்மோஸ்டாற் திறந்ததற்கு அடையாளம். முதற் பயணம் முடிந்து ஆறியபின் கிளிப்புகளை மீண்டும் ஒருமுறை இறுக்குங்கள்.

வழியில் குழாய் வெடித்தால், வெப்பமானியை நம்பி ஓட்டாதீர்கள். நீர் போனபின் அதன் உணரி வெறுங்காற்றில் நிற்பதால் ஊசி கீழே இறங்கக்கூடும். அதற்குள் சிலிண்டர் ஹெட் கோணிவிடும். உடனே நிறுத்துங்கள். அரை மணித்தியாலமாவது ஆறவிடுங்கள். கொதிக்கும் இஞ்சினில் குளிர்நீர் ஊற்றினால் வெடிக்கும். சிறு கீறலானால் சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி இறுகச் சுற்றி, அமுக்கம் ஏறாதிருக்க மூடியை முதற் படியில் தளர்த்தி வைத்து, மெதுவாக ஓட்டலாம். இதற்காக ஒரு ரியூப்பும் இரண்டு கிளிப்பும் ஐந்து லீற்றர் நீரும் எப்போதும் ஜீப்பில் இருக்கட்டும். குழாய் முற்றாகப் பிளந்திருந்தால் கட்டிக்கொண்டு நேரத்தைப் போக்கவேண்டாம். வருகிற வாகனத்தை மறித்து நோயாளியை ஏற்றிவிடுங்கள்; ஜீப்பை விடிந்தபின் வந்து எடுக்கலாம்.