வரிசையில் நிற்க வைக்காத உதவி
பிரடெரிக் ஓசானாம் (1813 – 1853)



சில வருஷங்களுக்கு முன் அடைமழைக் காற்றில் ஒரு லயத்துக் கூரை பிய்ந்து போனது. நாங்கள் உதவிச் சாமான்களைக் கொண்டுபோய், எல்லோரையும் கொழுந்து மடுவத்துக்கு முன்னால் வரிசையாக நிற்கச் சொல்லி, பேர் வாசித்துக் கொடுத்தோம். ஒரு பாட்டி மட்டும் வரவில்லை. தேவை இல்லையாக்கும் என்று இருந்துவிட்டோம். இரண்டு நாள் கழித்து அவருடைய காம்பராவுக்குப் போனால், ஒழுகுகிற இடமெல்லாம் சட்டியும் பானையும் வைத்திருந்தார். "ஏன் பாட்டி வரல்ல?" என்று கேட்டோம். "நாப்பது வருசம் கொழுந்து எடுத்த கைங்க ஐயா இது. நாலு பேர் பாக்க ஏந்திக்கிட்டு நிக்க ஏலாதுங்க" என்றார்.

எங்களுக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. அன்று நாங்கள் கற்ற பாடத்தை 1833ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரில் ஒரு மாணவர் கற்றிருந்தார். அவர்தான் பிரடெரிக் ஓசானாம். அவர் கத்தோலிக்கர், ஆனால் பாதிரியார் அல்ல, துறவியும் அல்ல. கலியாணம் கட்டி, ஒரு மகளைப் பெற்று, சம்பளத்துக்கு வேலை பார்த்த குடும்பஸ்தர்.

பிறந்த வீடு

ஓசானாம் 1813 ஏப்ரல் 23ஆம் திகதி இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தார். பெற்றோர் பிரெஞ்சுக்காரர். அவர் வளர்ந்தது பிரான்சின் லியோன் நகரத்தில். வீட்டில் 14 பிள்ளைகள் பிறந்தும் பெரும்பாலோர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். தகப்பனார் வைத்தியர். ஏழைகளுக்குக் காசு வாங்காமல் மருந்து கொடுத்தவர். 1837இல் ஓர் ஏழை நோயாளியைப் பார்க்கப் போன இடத்தில் படியில் தவறி விழுந்து காலமானார். வீடு தேடிப் போகும் பழக்கம் மகனுக்குத் தகப்பனிடமிருந்தே வந்தது என்று சொல்லலாம்.

ஒரு கேள்வி

1831இல் சட்டம் படிக்க பாரிஸுக்குப் போனார். அடுத்த வருஷம் அந்த நகரத்தில் வாந்திபேதி பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். ஏழைகள் நெருக்கமாய் வாழ்ந்த தெருக்களில்தான் சாவு அதிகம்.

அப்போது மாணவர்கள் கூடி வாதம் செய்யும் ஒரு மன்றம் இருந்தது. ஓசானாம் தன் சமயம் உலகத்துக்குச் செய்த நன்மைகளை அடுக்கிப் பேசுவார். ஒருநாள் எதிர்த் தரப்பார், அதெல்லாம் பழைய கதை, இன்றைக்கு ஏழைகளுக்காக நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார்கள். அவரால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. கோபித்துக்கொண்டு போகாமல், கேள்வி நியாயமானது என்று ஏற்றுக்கொண்டார். அங்கேதான் அவர் பெரிய மனிதர்.

1833 ஏப்ரல் 23, அவருடைய இருபதாவது பிறந்தநாள். அன்று ஏழு பேர் கூடினார்கள். ஆறு பேர் மாணவர்கள்; ஒருவர் பத்திரிகை நடத்திய எம்மானுவேல் பெய்லி. இப்படித் தொடங்கியதுதான் பின்னர் புனித வின்சென்ட் டி போல் சபை என்று பேர் பெற்றது.

வீட்டுக்குப் போவது

ஏழைகளிடம் எப்படிப் பழகுவது என்று இந்த வாலிபர்களுக்குத் தெரியாது. பாரிஸின் வறிய பகுதியில் பல வருஷம் சேவை செய்த ரொசாலி என்ற கன்னியாஸ்திரியிடம் போய்க் கற்றுக்கொண்டார்கள். பாண், விறகு வாங்குவதற்கான சீட்டுகளை எடுத்துக்கொண்டு, ஏழைக் குடும்பங்களின் வீட்டுக்கே போனார்கள். உட்கார்ந்து சுகம் விசாரித்தார்கள். பிள்ளைகளின் படிப்பைக் கவனித்தார்கள்.

சபையில் இன்னொரு நல்ல வழக்கமும் உண்டு. கூட்டத்தில் காசு சேர்க்கும்போது யார் எவ்வளவு போட்டார் என்று மற்றவருக்குத் தெரியாது. கொடுத்தவர் பேரை ஒலிபெருக்கியில் வாசிக்கிற நம்மவர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

1848இல் ஓசானாம் ஒரு பத்திரிகையில் எழுதியபோது உதவியை இரண்டாகப் பிரித்தார்: ஒன்று மனிதனைத் தாழ்த்தும் உதவி, மற்றது மனிதனை மதிக்கும் உதவி. வயிற்றை மட்டும் பார்த்துக் கொடுத்தால் அது தாழ்த்தும். வாங்குபவரும் நமக்கு ஏதோ தர வல்லவர் என்று எண்ணிக் கொடுத்தால் அது மதிக்கும். அந்தப் பாட்டி எங்களுக்குச் சொல்லித் தந்தது இதைத்தான்.

தர்மம் மட்டும் போதுமா?

ஓசானாம் அதோடு நிற்கவில்லை. லியோன் நகரம் பட்டு நெசவுக்குப் பேர் போனது. 1831இலும் 1834இலும் அங்கே நெசவாளிகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1831இல் கூலி விகிதம்தான் பிரச்சினை. பின்னர் அதே நகரத்தில் வர்த்தகச் சட்டம் படிப்பித்தபோது ஓசானாம் கூலியைப் பற்றி விளக்கினார். தொழிலாளி இன்றைக்குச் சாப்பிட மட்டுமல்ல, பிள்ளைகளைப் படிக்க வைக்கவும், வயோதிப காலத்தில் பிழைக்கவும் கூலி போதுமாக இருக்க வேண்டும் என்பதே அவர் கருத்து. தர்மம் காயத்துக்கு மருந்து போடும். ஆனால் காயம் வராமல் தடுப்பது நீதி. இரண்டும் வேண்டும் என்றார்.

1841இல் அமெலி என்ற பெண்ணை மணந்தார். 1844இல் சோர்போன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஆனாலும் ஏழை வீடுகளுக்குப் போவதை விடவில்லை. உடல்நலம் குன்றி 1853 செப்டெம்பர் 8ஆம் திகதி மார்செய் நகரில் காலமானார். வயது 40தான். 1997 ஓகஸ்ட் 22ஆம் திகதி பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் பாரிஸில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கினார். ஏழு பேரோடு தொடங்கிய சபை இன்று நம் நாடு உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது.

நமக்கு

ஓசானாம் கத்தோலிக்கர். நம்மில் பலர் வேறு சமயத்தவர். ஆனால் அடுத்த காம்பராவில் கஷ்டம் வரும்போது அதற்குச் சமயம் இல்லை. நாங்கள் அன்றிலிருந்து உதவிச் சாமானுக்கு வரிசை வைப்பதில்லை. நேரம் கூடத்தான் எடுக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு இஸ்தோப்பிலும் உட்கார்ந்து, ஒரு வாய் சாயத் தண்ணி குடித்துவிட்டுத்தான் வருகிறோம்.

கூடிப் பேச:
1. நம் லயத்தில் உதவி கேட்கக் கூச்சப்பட்டு இருப்பவர் யார்? கடைசியாக அவர் வீட்டுக்கு எப்போது போனோம்?
2. மரண உதவி, சுகவீன உதவி கொடுக்கும்போது வாங்குபவரின் மனம் நோகாமல் எப்படிக் கொடுக்கலாம்?
3. நம் தோட்டத்தில் தர்மத்தால் தீரும் கஷ்டம் எது? நியாயம் கேட்டுத்தான் தீர்க்க வேண்டிய கஷ்டம் எது?