தொட்டுப் பயிலும் நூல்கள்

நம் கல்லூரி மாணவர் சிலர், சனிக்கிழமைதோறும் அணித்தேயுள்ள ஒரு தொடக்கப் பள்ளிக்குச் சென்று, சிறார்க்கு நூல் படித்துக் காட்டும் தொண்டினைச் சில ஆண்டுகட்கு முன்னர் மேற்கொண்டிருந்தனர். யாமும் அவருடன் பன்முறை சென்றதுண்டு. அப்பள்ளியில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அன்பர் பலர் அளித்த படநூல்கள் 40 வரை அதனுள் அடுக்கப்பட்டிருந்தன. விரித்தவுடன் யானை எழுந்து நிற்கும் நூலும், சிறு கதவைத் திறந்தால் உள்ளே பூனைக்குட்டி தோன்றும் நூலும் அவற்றுள் உண்டு. ஆனால் அலமாரி பூட்டப்பட்டிருந்தது. நண்பகலிற் சிறார் அக்கண்ணாடியின்மேல் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பர். மூச்சுப் பட்டு அது மங்கும். கையால் துடைத்துவிட்டு மீண்டும் நோக்குவர். தலைமையாசிரியரை வினவினோம். "கொடுத்தால் ஒரே வாரத்திற் கிழித்துவிடுவார்கள் ஐயா, கணக்குப் பார்க்க வருவோர்க்கு நான் என்ன சொல்வேன்?" என்றார். அவரைக் குறை கூறுதற்கு இதனை எழுதுகின்றோமல்லேம். அவர் சொல் தக்கதென்றே அன்று எமக்கும் தோன்றிற்று, தலையசைத்துவிட்டுத் திரும்பினோம். அத்தலையசைப்பே பின்னர் எம்மை உறுத்தலாயிற்று. குழந்தைக்கென இயற்றப்படும் நூல் எத்தகையது, அதன் பயன் கண்ணளவில் நின்றுவிடுவதோ என்னும் ஆராய்ச்சி அதன் பயனாகவே எழுந்தது.

குழந்தை முதன்முதல் வினவுவது வாயினாலன்று, கையினாலேயாம். கையிற் கொடுத்ததைத் திருப்பும், தட்டும், மோந்து பார்க்கும், இயன்றாற் கடிக்கும். நாம் அதனைக் குறும்பு என்கின்றோம். உண்மையில் அஃது ஓர் ஆராய்ச்சி. தமிழ் மக்கள் இதனை அறியாதவரல்லர். நம் பாட்டியர் இரவிற் கூறும் விடுகதையை நோக்குக. அது பாதியே கூறி நின்றுவிடும். மறுபாதியைக் கேட்போனே ஆக்கித் தரல்வேண்டும். தொல்காப்பியர் செய்யுளியலுள் 'பிசி' என இதற்கு ஓர் இடம் வகுத்திருத்தலின், இதன் தொன்மை விளங்கும். குழந்தையின் ஆர்வத்தை வளர்க்கும் நூலும் அவ்வாறே பாதி நூலாய் இருத்தல் வேண்டும் என்பதும், மறுபாதி அக்குழந்தையின் கைக்கும் கண்ணுக்கும் விடப்படல் வேண்டும் என்பதும் எம் கருத்து.

இக்கருத்தை மேனாட்டில் நூல்வடிவிற் காட்டியவருள் தலைசிறந்தவர் கொமேனியஸ் என்னும் பெரியார். 1592-இல் மொராவியா நாட்டிற் பிறந்தவர். சமயப் போர்களாற் பிறந்த நாட்டைத் துறந்து அலைந்தவர். 1656-இல் லெஸ்னோ நகரம் எரியுண்டபோது, பல்லாண்டு உழைத்துத் தொகுத்த கையெழுத்துப் படிகளும் அவர்க்குச் சாம்பலாயின. அதற்கு இரண்டு ஆண்டுகட்குப் பின், 1658-இல், நூரம்பெர்க் நகரில் அவருடைய 'ஓர்பிஸ் பிக்டுஸ்' என்னும் படநூல் வெளிவந்தது. சற்றேறக்குறைய 150 பாடங்கள். பாடந்தோறும் மரச்செதுக்குப் படம் ஒன்று. அப்பம் சுடுவோன், நாவிதன், நூல் கட்டுவோன் எனக் குழந்தை தெருவிற் காண்பன எல்லாம் அதனுள் உள. படத்திலுள்ள ஒவ்வொரு பொருட்கும் ஓர் எண். கீழே இலத்தீனிலும் ஜெர்மானியத்திலும் எழுதிய உரையில் அப்பொருளின் பெயரருகே அதே எண். ஆகவே குழந்தை உரையிலிருந்து படத்திற்கும், படத்திலிருந்து உரைக்கும் விரலை ஓட்டித் தேடியாகல் வேண்டும். அத்தேடலே பாடம்.

நெடுங்கணக்கை அவர் கற்பிக்கும் முறை இன்னும் இனிது. எழுத்தின் பெயரைச் சொல்லி உருவேற்றச் செய்யாமல், காகம் கரையும் ஒலி, ஆட்டுக்குட்டி கத்தும் ஒலி, வாத்தின் ஒலி, காற்று வீசும் ஒலி என ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டிச் செல்கின்றார். காகத்தைப்போற் கத்தத் தெரியாத குழந்தை எங்கேனும் உண்டோ? முன்னுரையிலும் மூன்று செய்திகளை அவர் வற்புறுத்துகின்றார். பள்ளிக்கு வருமுன்னரே இந்நூலைச் சிறார் கையிற் கொடுத்து விருப்பம்போற் பார்க்க விடுக என்பது ஒன்று. படங்களைப் பார்த்துத் தாமே வரைய அவர்களைத் தடுக்கற்க, ஊக்குக என்பது மற்றொன்று. கிடைத்தற்கரிய பொருள்களைப் பெரிய பள்ளிகளிற் சேர்த்து வைத்துக் காட்டுக என்பது பிறிதொன்று. இம்மூன்றனுள் ஒன்றேனும் நம் நாட்டுப் பள்ளி யாவற்றினும் இன்று நடைபெறுகின்றது என்று கூற எமக்குத் துணிவில்லை.

இனி, அசையும் தாள்களையுடைய நூல்களைப் பற்றிச் சிறிது கூறுவாம். இவை குழந்தைகட்கென்றே தோன்றினவென்று பலர் எண்ணுவர், அஃது உண்மையன்று. 1540-இல் ஆப்பியன் என்னும் ஜெர்மானியக் கணிதர் வெளியிட்ட வானநூலுள், கோள்களின் நிலையை அறியத் திருப்பத்தக்க தாள் வட்டங்கள் அடுக்கடுக்காய் அமைக்கப்பட்டிருந்தன. 1570-இல் இலண்டனில் அச்சான யூக்கிளிட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில், ஒட்டிய தாள்களை நிமிர்த்தினால் திண்மங்கள் எழும்பும். முதிர்ந்த அறிஞர்க்கே கையால் தொட்டறிதல் வேண்டியிருந்ததெனின், ஐந்து வயதுக் குழந்தையைக் கைகட்டி இருக்கச் சொல்லுதல் எங்ஙனம் முறையாகும்? அம்முறை சிறாரை அடைய இரு நூற்றாண்டுகள் சென்றன. 1765-ஐ ஒட்டி, சேயர் என்னும் இலண்டன் நூல்வணிகர் மடிப்பைத் தூக்கினாற் படம் மாறும் சிறு நூல்களை விற்றார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மியூனிக் நகரத்து மெகென்டார்ஃபர், ஒரே தாளை இழுத்தாற் கண்ணும் கையும் காலும் ஒருங்கே அசையும் படங்களைச் செய்தார். மெல்லிய செப்புக்கம்பிச் சுருள்களே அவற்றின் மூட்டுகள்.

இவ்விருவர்க்கும் முன்னர், 1744-இல், நியூபெரி என்னும் இலண்டன் பதிப்பாளர் சிறார்க்கென ஒரு சிறு சட்டைப்பை நூலை வெளியிட்டார். அதனுடன் ஆண்பிள்ளைக்கு ஒரு பந்தும், பெண்பிள்ளைக்கு ஓர் ஊசித் திண்டும் இரண்டு பென்னி மிகுதிக்குக் கிடைக்கும். பந்தின் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு; நற்செயலுக்குச் சிவப்பிலும் தீச்செயலுக்குக் கறுப்பிலும் ஓர் ஊசி குத்தல் வேண்டும். இவ்வொழுக்கக் கணக்கை யாம் அத்துணை விரும்புகின்றிலேம்; தன் குற்றத்தைத் தானே ஊசியாற் குத்திக் காட்டும் பிள்ளையை யாம் கண்டதுமில்லை. ஆயினும் அந்நூலைப்பற்றிய ஒரு செய்தி எம் பொருட்கு மிகவும் வேண்டப்படுவது. அதன் முதற் பதிப்பிற் படி ஒன்றேனும் இன்று கிடைத்திலது. பழைய நூல்களுள், புலவர் அலமாரியில் தூங்கியவை பிழைத்தன; சிறார் கையிற் புகுந்தவை தேய்ந்தொழிந்தன. இவ்விரண்டனுள் எதனைப் படிக்கப்பட்ட நூலென்று கூறுவோம்?

தாள் அசைதல் ஒன்றே போதுமெனக் கொள்ளற்க. அசையும் தாள் ஒன்றுமின்றியே குழந்தையை எழுப்பிவிட்ட நூலும் உண்டு. மைக்கேல் ஃபாரடே கொல்லன் மகன், 1791-இற் பிறந்தவர், சிறு வயதிலேயே இலண்டனில் நூல் கட்டும் கடையிற் பயிற்சியாளாய் அமர்ந்தவர். கட்டுதற்கு வரும் நூல்களைப் படித்துவிடுவது அவர் வழக்கம். அவற்றுள் ஒன்று, திருமதி மார்செட் என்னும் பெண்மணியார் 1806-இல் தம் பெயரிடாது வெளியிட்ட 'வேதியியல் உரையாடல்கள்'. ஓர் ஆசிரியையும் இரு சிறுமியரும் உரையாடுவதாய் அமைந்தது அது. ஒரு சிறுமி ஐயுறுவாள். மற்றவள் விரைந்து தவறுவாள். ஆசிரியை செய்து காட்டுவார். ஃபாரடே அதனை நம்பிவிடவில்லை. தம் கையிலிருந்த சில காசுகளுக்கு இயன்ற அளவிற் சிறு சிறு சோதனைகள் செய்து, நூல் கூறுவது மெய்தானா என்று தாமே பார்த்தார். மெய்யென்று கண்டார், அன்றே வேதியியலில் ஓர் நங்கூரம் கிடைத்தாற்போன்று உணர்ந்ததாக முதுமையில் நண்பர் ஒருவர்க்கு எழுதினார். கற்பனை மிகுந்த சிறுவனாயிருந்த தம்மைக் காத்தது, செய்து பார்த்த உண்மையே என்பது அவர் வாக்குமூலம். பிற்காலத்தில் தம் ஆராய்ச்சிக் கட்டுரைகளை அவ்வம்மையார்க்கு நன்றிக் காணிக்கையாக அனுப்பியும் வந்தார். அவரே சிறார்க்கு ஒரு மெழுகுவர்த்தியைப் பொருளாகக் கொண்டு ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவை 1861-இல் நூலாயின. கட்டுக்கடையில் யாரேனும் அச்சிறுவனிடம், "கட்டு; பிரிக்காதே" என்று கூறியிருப்பின் என்னாகியிருக்கும் என எண்ணிப் பார்க்க எமக்கு அச்சமாயுள்ளது.

20-ஆம் நூற்றாண்டில் இவ்வகை நூல்கள் பெருகின. 1940-இல் அமெரிக்காவில் டாரதி குன்ஹார்ட் என்னும் அம்மையார் செய்த சிறு நூலில், தந்தையின் சவரம் செய்யாத முகத்திற்கு உப்புத்தாள் ஒட்டப்பட்டுள்ளது. குழந்தை தடவிப் பார்த்துச் சிரிக்கும். 1969-இல் எரிக் கார்ல் ஆக்கிய கம்பளிப்புழுக் கதையோ, தாளைத் துளையிடும் கருவியை வைத்துக்கொண்டு விளையாடியபோது தோன்றியது. புழு ஒரு நாள் 1 ஆப்பிளையும், மறுநாள் 2 பேரிக்காயையும், அதன் மறுநாள் 3 பிளம் கனியையும் தின்னும். தின்ற இடமெல்லாம் துளை. குழந்தை துளைதோறும் விரலை நுழைத்து எண்ணும். அளவு வேறுபட்ட தாள்களையும் துளைகளையும் கட்டுப்படியான விலையில் அச்சிடுவார் அந்நாட்டிற் கிடையாமையின், ஜப்பானில் அச்சிட்டனர். பட்டாம்பூச்சி கூட்டினின்று வெளிவருவதாக அந்நூல் கூறுதல் தவறு என்பர் பூச்சிநூலார்; பெரும்பாலும் அந்துப்பூச்சியே கூடு பின்னும். எம் மாணவர் ஒருவர் இதனைச் சிறாரிடமே கூறிவிட, அவர்கள் எருக்கஞ்செடியில் உண்மை தேடப் புறப்பட்டுவிட்டனர். நூலின் பிழையும் இங்ஙனம் பயன்படுவதுண்டு.

2010-இல் பிரெஞ்சு ஓவியர் எர்வே துல்லே செய்ததோ யாவற்றினும் எளியது. துளையுமில்லை, மடிப்புமில்லை. ஒரு மஞ்சட் புள்ளி. 'அழுத்துக, தாளைப் புரட்டுக' என்னும் ஏவல். புரட்டினாற் புள்ளி இரண்டாகியிருக்கும். குழந்தை தன் விரலே அதனைச் செய்ததென மகிழும். கருவி நூலில் இல்லை, குழந்தையினிடத்தே உள்ளது.

இதற்கெல்லாம் பெரும்பொருள் வேண்டுமே என்று சிலர் கூறக் கேட்டிருக்கின்றோம். மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியற் கல்வித் திட்டம் அவர்க்கு விடை. 'பால் வைஞானிக்' என்னும் அதன் நூல்களில் வினாக்களும் செய்முறைகளும் உண்டு, விடைகள் அச்சிடப்படவில்லை. சிறார் வயலுக்குச் சென்று, பார்த்து, எண்ணி, தாமே எழுதிக்கொள்ளல் வேண்டும். 2002-இல் அரசு அத்திட்டத்தை நிறுத்திவிட்டது, எமக்கு வருத்தமே. அத்திட்டத்தின் தொடர்பால் எழுந்தவையே அரவிந்த் குப்தாவின் தீக்குச்சி நூல்கள். தீக்குச்சியும், மிதிவண்டி வால்வின் ரப்பர்க் குழாய்த் துண்டும் கொண்டு முக்கோணம் முதற் கனசதுரம் வரை குழந்தை கட்டலாம். முக்கோணம் அசையாது நிற்பதையும், சதுரம் சாய்ந்துவிடுவதையும் விரலே அறிந்துகொள்ளும்.

மற்று, கடைகளில் இன்று மலிந்துள்ள பொத்தான் நூல்களை யாம் இவ்வரிசையிற் சேர்ப்பதில்லை. பொத்தானை அழுத்தினாற் பசு கத்தும்; மீண்டும் அழுத்தினாலும் அதே பசு, அதே கத்தல். மின்கலம் தீர்ந்தவுடன் நூலும் தீர்ந்தது. கைப்பேசித் திரையிற் காட்டும் விளையாட்டுகளுட் பலவும் அன்னவே. கையை அசைத்தபின் குழந்தையின் வாயில் ஒரு புதுக் கேள்வி பிறக்கின்றதா என்று மட்டும் பார்த்து, யாம் நூலை வாங்குகின்றோம்.

சென்ற ஆண்டு அப்பள்ளிக்கு மீண்டும் சென்றோம். தலைமையாசிரியர் மாறியிருந்தார், அலமாரியின் சாவி பக்கத்துச் சுவரில் ஆணியில் தொங்கியது. நூல்களுட் பாதி அட்டை இழந்திருந்தன. யானை எழும்பும் நூலில் தும்பிக்கை இல்லை. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பழைய திருமண அழைப்பிதழை வெட்டிப் புதிய தும்பிக்கை செய்து, நூலால் தைத்து ஒட்டியிருந்தாள். அது சற்று நீண்டுவிட்டது. மூடினால் ஏட்டிற்கு வெளியே தலைநீட்டிற்று. "இதை வெட்டிடவா ஐயா, இல்ல மடிக்கவா?" என்று எம்மைக் கேட்டாள். யாம் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள், அவளே நடுவில் ஒரு மடிப்பு மடித்து, மெல்ல மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.