விளையாட்டுக் கணனி: பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு கொள்முதல்

புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் எமக்கு இருக்கிறார். பருப்பு மூடை வந்திறங்கினால் குத்தூசியைச் செருகி ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, ஊதிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார். முப்பது வருட அனுபவம். அப்படிப்பட்டவர் தனது பதினைந்து வயது மகனுக்கு கேம் விளையாடக் கணனி வாங்கப் போனபோது, கண்ணாடி வைத்த கேசிங்குக்குள் சிவப்பும் நீலமுமாக லைட் எரிவதைப் பார்த்தார். விலையைக் கேட்டார், கொஞ்சம் குறைத்தார், காசைக் கொடுத்தார். அவ்வளவுதான்.

நான்காம் மாதம் ஒரு மாலை நேரம் ‘டப்’ என்று ஒரு சத்தம், பின்னால் கருகிய வாடை. பவர் சப்ளை எரிந்துபோனது. போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. விற்ற கடைக்காரர், “கேசிங்கோடு வரும் பவர் சப்ளைக்கு வொரண்டி இல்லை, உங்கள் வீட்டுக் கரண்ட் ஏறியிருக்கும்” என்று சொல்லிக் கையை விரித்துவிட்டார்.

காசு போனதைவிட நண்பருக்கு வேறொன்றுதான் உறுத்தியது. வாங்கிய அன்று கடையில் வைத்தே மகன், “வாப்பா, உள்ளுக்கு இருக்கிற பவர் சப்ளை என்ன பிராண்ட் எண்டு கேளுங்க” என்று மெல்லச் சொல்லியிருக்கிறான். இவர், “பெரியவங்க பேசக்குள்ள சும்மா இருங்க மகன்” என்று அடக்கிவிட்டார். எரிந்த பிறகு பையன் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை என்றார் நண்பர்.

இது 2024ஆம் ஆண்டு நடந்தது. இரண்டாவது முறை அவர் வேறு விதமாகச் செய்தார். மகனையும், பதினான்கு வயதான தங்கை மகனையும் உட்கார வைத்து, “இந்தக் கொள்முதல் உங்களுடையது” என்றார். நிபந்தனைகள் மூன்று. மொத்தத் தொகை இதற்கு மேல் ஒரு சதமும் கூடாது. மூன்று கடைகளில் எழுத்து மூலம் கொட்டேஷன் எடுக்க வேண்டும். ஒவ்வொரு சாமானுக்கும், ‘இதைவிட மலிவானது இருக்க இது ஏன்?’ என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். இரண்டு வாரம் தவணை. அந்த இரண்டு வாரத்தில் அவரும் நாமும் கற்றுக்கொண்டவற்றை, வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் உள்ள வாசகர்களுக்குப் பயன்படலாம் என்று இங்கு தருகின்றோம்.

பையன்கள் முதலில் எழுதியது புரொசசரின் பெயரை அல்ல. விளையாடப் போகும் கேம்களின் பெயரையும் மொனிட்டரின் அளவையும். இது சரியான தொடக்கம். வாடிக்கையாளர் யார் என்று தெரியாமல் சரக்கு எடுப்பவர் உண்டா? சாதாரண 1080 மொனிட்டரில் ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள் உள்ளன. 1440 மொனிட்டரில் 36 இலட்சத்துக்கு மேல். ‘4கே’ என்பதில் 82 இலட்சத்துக்கு மேல். இந்தப் புள்ளிகளை ஒரு செக்கனுக்கு எத்தனை தடவை புதிதாக வரைந்து கொடுக்க முடியும் என்பதுதான் கிரபிக்ஸ் கார்டின் வேலை. அதாவது மொனிட்டரில் ஒரு படி ஏறினால் கார்டிலும் ஒரு படி ஏற வேண்டும். காசு இரண்டு இடத்தில் போகும். முதல் கணனிக்கு 24 அங்குல 1080 மொனிட்டர், செக்கனுக்கு 144 தடவை அல்லது அதற்கு மேல் புதுப்பிக்கக்கூடியது, போதும் என்பதே எமது அபிப்பிராயம்.

கேமும் முக்கியம். வெலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவை கிரபிக்ஸ் கார்டைவிடப் புரொசசரையே அதிகம் பிழிபவை. பெரிய நகரம், காடு, மழை என்று காட்சி காட்டும் கதை விளையாட்டுக்கள் கார்டைப் பிழிபவை. மகன் எதை விளையாடுகிறான் என்று வாப்பாவுக்குத் தெரியாவிட்டால் கடைக்காரர் தன்னிடம் தேங்கியுள்ளதைத்தான் தலையில் கட்டுவார்.

அடுத்தது பங்கீடு. மொனிட்டரைத் தவிர்த்து பெட்டிக்கு மட்டும் நூறு ரூபா என்று வைத்தால், 38 ரூபா கிரபிக்ஸ் கார்டுக்கு, 16 புரொசசருக்கு, மதர்போர்டுக்கும் ரெம்முக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு, பவர் சப்ளைக்கு 9, எஸ்.எஸ்.டி.க்கு 8, கேசிங்குக்கு 5. இது வேதவாக்கு அல்ல, ஒரு தராசு. கொட்டேஷனில் கேசிங்குக்கு 12 ரூபாவும் பவர் சப்ளைக்கு 3 ரூபாவும் போயிருந்தால் யாரோ லைட்டுக்கு மயங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நண்பரின் பழைய பில்லை எடுத்து இப்படிக் கணக்குப் பார்த்தோம். பவர் சப்ளைக்கென்று தனியாக ஒரு வரியே அதில் இல்லை.

பவர் சப்ளையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் ஏமாற்று அதிகம் நடப்பது இங்குதான். வெளியே பெரிய எழுத்தில் ‘500 வொட்’ என்று போட்டிருக்கும். அதை விட்டுவிட்டு, பக்கத்தில் ஒட்டியுள்ள லேபிளில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை அம்பியர் என்று பாருங்கள். புரொசசரும் கிரபிக்ஸ் கார்டும் தின்பது அந்த 12 வோல்ட் மின்சாரத்தைத்தான். அம்பியரை 12 ஆல் பெருக்குங்கள். 20 அம்பியர் என்று இருந்தால் 240 வொட். வெளியே 500, உள்ளே 240. மூடையில் 50 கிலோ என்று அச்சடித்து உள்ளே 24 கிலோ நிரப்பியது போல. ஒழுங்கான 550 வொட் சாமானில் அந்தக் கட்டத்தில் 40 அம்பியருக்குக் குறையாமல் இருக்கும். எரிந்த பவர் சப்ளையின் லேபிளை மகன் துடைத்துப் பார்த்தபோது 18 அம்பியர் என்றிருந்தது. 216 வொட். அதன் மேல் 170 வொட் கார்ட் ஒன்றை ஏற்றி ஓடவிட்டிருக்கிறார்கள்!

‘80 பிளஸ்’ என்ற முத்திரையையும் கேட்பார்கள். அது இருப்பது நல்லதுதான். ஆனால் அது சொல்வது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாற்றப்படுகிறது என்பதை மட்டுமே. பாதுகாப்புக்கோ ஆயுளுக்கோ அது சாட்சி அல்ல. அதற்கு உற்பத்தியாளர் தரும் வொரண்டி வருடங்களைப் பாருங்கள். ஐந்து வருடம் கொடுப்பவனுக்குத் தன் சாமானில் நம்பிக்கை இருக்கிறது. எமது நாட்டில் மின்சாரம் போவதும் வருவதும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறையில் ஒரு குரங்கு மேல் பழி விழுந்து நாடு முழுக்க இருண்டது நினைவிருக்கும். ஆகவே யூ.பி.எஸ். ஒன்றும் கணக்கில் சேர வேண்டும். அங்கும் எழுத்தில் ஒரு மயக்கம் உண்டு. 650 வீ.ஏ. என்று போட்டிருப்பவை பெரும்பாலும் 400 வொட்டைத் தாண்டாது. கணனியும் மொனிட்டரும் சேர்ந்து எடுப்பதை அதனோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

பையன்கள் இருவருக்கும் பெரிய வாக்குவாதம் வந்தது புரொசசரில். ஏ.எம்.டி. கம்பனியின் பழைய ஏ.எம். 4 மதர்போர்ட் 2016இல் வந்தது. ஏ.எம். 5 என்பது 2022இல் வந்தது. மகன் புதியதையே எடுப்போம், 2027 வரையும் அதற்கப்பாலும் ஆதரவு தருவதாகக் கம்பனி சொல்லியிருக்கிறது, பிறகு புரொசசரை மட்டும் மாற்றலாம் என்றான். மருமகன், “பழையதை எடுத்து மிச்சக் காசைக் கார்டுக்குப் போட்டா இண்டைக்கே வேகம் கூடும் மாமா” என்றான். இருவரும் சொன்னது சரிதான். கடையை வாடகைக்கு எடுப்பதா, முற்பணம் அதிகம் கட்டி நீண்ட குத்தகைக்கு எடுப்பதா என்ற அதே கேள்வி. கையில் இருந்த தொகைக்கு மருமகனின் பக்கம் வென்றது: ஆறு கோர் கொண்ட ரைசன் 5 5600, பி 550 மதர்போர்ட், ஆர்.டி.எக்ஸ். 4060 கார்ட். அந்தக் கார்ட் 115 வொட் மட்டுமே எடுக்கும் என்பது மகனுக்கும் ஆறுதல். பழைய மதர்போர்டின் டி.டி.ஆர். 4 ரெம் புதியதில் ஏறாது, டி.டி.ஆர். 5 பழையதில் ஏறாது. வெட்டே வேறு இடத்தில் இருக்கும். இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறைகளில் இரண்டு வகைக்கும் மதர்போர்ட் உண்டு என்பதால் பில்லில் எது என்று எழுதச் சொல்லுங்கள்.

ரெம்மை 16 ஜீ.பீ. ஒன்றாக எடுக்காமல் எட்டு எட்டாக இரண்டு எடுப்பது நல்லது. ஒரு கதவால் போகும் சரக்கு இரண்டு கதவால் போகும். இதன் விலை பற்றி வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. 2025இன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவுக்கான பாரிய கணனி நிலையங்கள் ரெம் சிப்புகளை அள்ளிக்கொண்டதால் விலை கடுமையாக ஏறியது. அவ்வருடம் டிசம்பரில் மைக்ரோன் நிறுவனம் ‘குருஷியல்’ என்ற தனது சில்லறைப் பெயரையே கைவிடுவதாக அறிவித்தது. ஆகவே நாம் மேலே சொன்ன 12 ரூபா பங்கு இருபதைத் தாண்டலாம். பெரிய வெங்காயம் போல, பழைய விலையை மனதில் வைத்துப் பேரம் பேச முடியாத சரக்கு இது. கொட்டேஷன் எத்தனை நாளைக்குச் செல்லும், 2024 ஜனவரி முதல் 18 வீதமாக உள்ள வற் வரி அதில் சேர்ந்திருக்கிறதா என்ற இரண்டையும் கேளுங்கள்.

பாவித்த சாமான் வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் வரலாறு தெரிந்து. 2021இல் கிரிப்டோ நாணயம் தோண்டுவோர் கிரபிக்ஸ் கார்டுகளை வாங்கிக் குவித்தார்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் தனது முறையை மாற்றியதும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகச் சந்தைக்கு வந்தன. எல்லாம் கெட்டவை அல்ல. அரை மணி நேரம் கனமான கேம் ஒன்றை ஓடவிட்டு, விசிறிச் சத்தமும் சூடும் பார்த்து, குறைந்தது ஒரு மாத வொரண்டி எழுதி வாங்கினால் நட்டம் வராது. பவர் சப்ளையை மட்டும் பாவித்ததாக வாங்க வேண்டாம்.

வெளிநாட்டு அலுவலகங்களில் இருந்து வரும் ரிகண்டிஷன் பெட்டிகளும் மலிவாகக் கண்ணில் படும். கணக்கு எழுத, பில் போட அவை நல்லவை. ஆனால் பலவற்றில் பவர் சப்ளையின் இணைப்பே வேறு மாதிரி. பெரிய கார்ட் கேசிங்குக்குள் நுழையாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏறுவதற்கு இன்டெல் 8ஆம் தலைமுறையாவது வேண்டும்.

பொருத்திய நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேசையில் விரிப்பு விரித்து வேலை தொடங்கினார்கள். ஏ.எம். 4 புரொசசரில் ஊசிக் கால்கள் புரொசசரின் அடியில் இருக்கும், வளைந்தால் போச்சு. ஏ.எம். 5இலும் இன்டெல்லிலும் ஊசிகள் மதர்போர்டில். முக்கோண அடையாளம் பார்த்து வைத்தால் தானாக உட்காரும், அழுத்தக் கூடாது. ரெம் இரண்டையும் புரொசசர் பக்கமிருந்து இரண்டாம் நான்காம் துவாரங்களில் போட வேண்டும் என்று மதர்போர்ட் புத்தகத்தில் இருந்ததை மருமகன் வாசித்துச் சொன்னான்.

சுவிட்சைப் போட்டார்கள். விசிறி சுழன்றது, லைட் எரிந்தது, மொனிட்டர் மட்டும் கறுப்பு. நண்பரின் முகமும் கறுத்தது. “இதுவும் போச்சா?” என்று எழுந்தார். மகன் பின்னால் குனிந்து பார்த்தான். வாப்பா ஆசையோடு தானே செருகிய வயர், மதர்போர்டின் துவாரத்தில் இருந்தது. ரைசன் 5600க்குள் கிரபிக்ஸ் கிடையாது. அந்தத் துவாரம் வெறும் துவாரம். வயரைக் கழற்றிக் கீழே கார்டில் செருகினான். படம் வந்தது. “பெரியவங்க செய்யக்குள்ள சும்மா இருக்கணும் தானே வாப்பா” என்றான். நண்பர் வாய்விட்டுச் சிரித்ததாக அவரது மனைவி எமது வீட்டில் சொன்னார்.

இன்னும் இரண்டு வேலை பாக்கி இருந்தது. பலர் இவற்றைச் செய்யாமல் மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். 3200 என்று எழுதியுள்ள ரெம் தானாக அந்த வேகத்தில் ஓடாது, பயோஸில் போய் எக்ஸ்.எம்.பீ. என்பதை இயக்காவிட்டால் பெரும்பாலும் 2133 அல்லது 2666இல் நிற்கும். அதேபோல 144 மொனிட்டரும் விண்டோஸ் செட்டிங்ஸில் மாற்றும் வரை 60இலேயே இருக்கக்கூடும். காசு கொடுத்து வாங்கிய சரக்கு களஞ்சியத்திலேயே கிடப்பதற்கு ஒப்பானது இது.

பில்லில் ஒவ்வொரு பாகமும் தனி வரியாக, தொடர் இலக்கத்தோடும் வொரண்டிக் காலத்தோடும் இருக்க வேண்டும். பெட்டிகளை வீசக் கூடாது. பல கடைகள் பெட்டி இல்லாமல் வொரண்டிச் சாமானைக் கையேற்பதில்லை. மகன் இவற்றையெல்லாம் சிவப்பு மட்டைக் கொப்பி ஒன்றில் எழுதி வைத்திருக்கிறான். கடையின் சரக்குக் கணக்கில் பொருந்தாத இரண்டு பக்கங்களைக் கடந்த வாரம் நண்பர் அவனிடம் கொடுத்திருக்கிறார், பார்த்துச் சொல்லும்படி.