கடைக் கணக்கும் பள்ளிக் கணக்கும்



"கடையில் உட்கார்ந்தால் பையன் கணக்கில் புலி, பரீட்சையில் மட்டும் ஃபெயில். படிப்பு ஏறாது, கடையிலேயே இருக்கட்டும்." பெரம்பலூர், அரியலூர் பக்கம் பல வீடுகளில் இப்படி முடிவெடுத்துவிடுகிறோம். அவசரப்பட வேண்டாம்.

பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்பதில் அறிஞர்களிடையே இரு கருத்துகள் உண்டு. விதியை மனத்தால் புரிந்துகொண்டால் அதை எங்கும் பயன்படுத்தலாம் என்பது ஒன்று. வேலை நடக்கும் இடத்தில், அதைச் செய்பவர்களோடு சேர்ந்தே கல்வி வருகிறது என்பது மற்றொன்று. ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் தையல் பழகுவோரை ஆராய்ந்த ஜீன் லேவ், எட்டியென் வெங்கருடன் சேர்ந்து 1991-இல் இதை நூலாக எழுதினார். 1996-இல் ஹெர்பர்ட் சைமன் முதலியோர், "எல்லா அறிவும் இடத்தோடு கட்டுண்டதல்ல" என்று மறுத்தனர்.

நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் கொல்கத்தா, டில்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்து, 2025-இல் முடிவை வெளியிட்டனர். சந்தையில் மனக்கணக்காகச் சரியாகச் சொன்ன பிள்ளைகள், பள்ளிக்கூட முறையில் கேட்டதும் தடுமாறினர். பள்ளி மாணவர்களோ சந்தைக் கணக்கில் தடுமாறினர். இரு தரப்பிலும் அறிவுக்குக் குறைவில்லை. நடுவே பாலம்தான் இல்லை.

குர்ஆன் ஓதக் கற்பதை நினைத்துப் பாருங்கள். தஜ்வீத் சட்டமும் வேண்டும். உஸ்தாத் முன் அமர்ந்து ஓதித் திருத்திக்கொள்வதும் வேண்டும். கணக்கும் அப்படியே.

நாம் செய்ய வேண்டியவை:

1. சின்ன வெங்காயம் கிலோ 40 ரூபாய், 800 கிராம் எவ்வளவு? "200 கிராமுக்கு 8 ரூபாய் குறைத்தால் 32" என்பான் பையன். அதையே நோட்டில் 0.8 × 40 = 32 என்று எழுதச் சொல்லுங்கள்.

2. பாடப்புத்தகக் கணக்கை மளிகைச் சீட்டாக மாற்றிக் கேளுங்கள். பெண் பிள்ளைகளிடமும் கேளுங்கள்.

3. கடைக்காகப் பள்ளியை நிறுத்தாதீர்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளை குடும்பக் கடையில் உதவுவதும் பள்ளி நேரத்துக்குப் பிறகு, அல்லது விடுமுறையில் மட்டுமே என்கிறது 2016 சட்டத் திருத்தம்.

கடையில் கணக்குப் போடும் பிள்ளைக்குப் படிப்பும் வரும், இன்ஷா அல்லாஹ். நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.